சொந்த விறகும் சங்கிலி ரம்பமும்

நம் நாட்டில் சமையல் எரிவாயு பரவியிருக்கும் வேகம் குறிப்பிடத்தக்கது. 2016ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள் உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் தொடங்கப்பெற்ற உஜ்வலா திட்டத்தின் வழியாக ஏழைக் குடும்பங்கள் பல கோடி இணைப்புகளைப் பெற்றன. ஆயினும் 2019-21 ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தூய எரிபொருளைக் கொண்டு சமைக்கும் குடும்பங்கள் நாடு முழுவதிலும் 58.6 விழுக்காடு, ஊரகப் பகுதிகளில் ஏறத்தாழ 43 விழுக்காடு மட்டுமே. எஞ்சிய ஊரகக் குடும்பங்கள் விறகையும் சுள்ளியையும் வரட்டியையும் பயிர்க்கழிவையும் நம்பியிருந்தன. எரிவாயு உருளை வந்து சேர்ந்த வீட்டிலும் வெந்நீர் போடவும், நெல் அவிக்கவும், மாட்டுக்குத் தீவனம் வேகவைக்கவும் விறகடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. இமயமலை மாநிலங்களில் இதனுடன் குளிர்காயும் தேவையும் சேர்ந்துகொள்கிறது.

இவ்விறகில் பெரும்பகுதி, பெண்களும் சிறுவர்களும் பொறுக்கிச் சுமந்து வருகிற காய்ந்த சுள்ளி. அதற்கு எந்த இயந்திரமும் தேவையில்லை. ஆனால் தமக்கெனச் சொந்த மரம் உடையவர்கள் வேறொரு பிரிவினர். கேரளத்தின் வீட்டுத் தோட்டம், இமாசலப் பிரதேசத்தின் ஆப்பிள் தோட்டம், சமவெளியில் வரப்போரம் வளரும் யூக்கலிப்டஸும் சவுக்கும், இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் புஞ்சைகளை அடைத்து நிற்கும் சீமைக் கருவேலம் ஆகியவை இப்பிரிவினரின் விறகுக் களஞ்சியங்கள். சமூகக் காடு வளர்ப்பும் பண்ணைக் காடு வளர்ப்பும் நான்கு பத்தாண்டுகளுக்கு முன்பு ஊக்குவிக்கப்பட்டதன் பயனாகத் தனியார் நிலத்தில் மரம் பெருகியது. அம்மரத்தை யார் அறுப்பது என்பதைப் பற்றி அன்று அதிகம் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

முன்பு அதற்கென ஆட்கள் இருந்தனர். கோடரி பிடிப்பவர், இருவராக நின்று ரம்பம் இழுப்பவர், கிளை கழிப்பவர், ஆப்பு வைத்துக் கட்டை பிளப்பவர் என ஒவ்வோர் ஊரிலும் சிலர் இதையே தொழிலாகக் கொண்டிருந்தனர். மரம் எந்தப் பக்கம் சாயும் என்பதை அண்ணாந்து பார்த்தே சொல்லக்கூடியவர்கள் அவர்கள். இன்று அவர்களுடைய பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், கூலியும் உயர்ந்துவிட்டது. இதே காலத்தில், பெட்ரோலில் இயங்கும் சங்கிலி ரம்பம், கடையிலும் பேச்சிலும் ‘செயின் சா’ எனப்படுவது, சிறு விவசாயியும் வாங்கக்கூடிய விலைக்கு இறங்கியது. இணையவழி வாணிபத்தில் ஆணை கொடுத்தால் சில நாட்களில் வீட்டு வாசலுக்கு வந்து சேர்கிறது. சில மாநிலங்களில் வேளாண் இயந்திர மானியப் பட்டியலிலும் இடம்பெற்றுள்ளது. ஆகவே நேற்றுவரை ரம்பத்தைத் தொட்டிராத ஒருவர், இன்று காலை பெட்டியைப் பிரித்து மாலையில் தம் தோட்டத்து மரத்தின்முன் நிற்பது இயல்பான காட்சியாகிவிட்டது. இக்கட்டுரை அவரைப் பற்றியது. இயந்திரத்தையோ மானியத்தையோ குறைகூறுவது இதன் நோக்கமன்று. கோடரியால் ஒரு நாள் முழுதும் செய்யும் வேலையை ஒரு மணி நேரத்தில் முடிக்கும் கருவியை மக்கள் விரும்புவதில் வியப்பில்லை.

பிற நாடுகளின் பாடம்

எண்ணெய் விலையும் விறகும் ரம்பமும் எவ்வாறு ஒன்றுடன் ஒன்று பிணைந்தவை என்பதற்கு அமெரிக்க ஐக்கிய நாடு சிறந்த எடுத்துக்காட்டு. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை விதித்தபோதும், 1979இல் மறுபடியும் விலை ஏறியபோதும், நியூ இங்கிலாந்து முதலிய குளிர் மாநிலங்களின் வீட்டுக்காரர்கள் எண்ணெய் அடுப்பை அணைத்துவிட்டு விறகு அடுப்பை வாங்கினர். விறகை விலைக்கு வாங்குவதைவிடத் தாமே அறுப்பது மலிவு என்று கண்டு, எழுத்தர்களும் ஆசிரியர்களும் கடைக்காரர்களும் ரம்பம் வாங்கினர். அதுவரை காட்டுத் தொழிலாளியின் கையில் மட்டும் இருந்த கருவி, ஞாயிற்றுக்கிழமைக் கருவியாயிற்று. மருத்துவமனைகளில் ரம்பக் காயங்கள் பெருகின. 1972இல் அமைக்கப்பெற்ற நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் இதனை ஒரு பொருள் தரப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டு ஆராய்ந்தது. உற்பத்தியாளர்களுடன் நீண்ட பேச்சு நடந்தது. 1985இல் எதிருதைப்பைக் கட்டுப்படுத்தும் விதிகளைக் கொண்ட தேசியத் தரம் ஏற்கப்பட்டது. முனையில் உருண்டையின் அளவைக் குறைத்த பட்டை, உதைப்பு குறைந்த சங்கிலி, கைக்காப்புடன் இணைந்த சங்கிலித் தடை ஆகியவை வீட்டு உபயோக ரம்பங்களில் பரவியமைக்கு இம்முயற்சியே முக்கிய காரணம்.

சுவீடன் நாட்டின் அனுபவம் வேறு வகையானது. 2005 ஜனவரி 8ஆம் நாள் வீசிய குட்ருன் புயல் அந்நாட்டின் தென்பகுதியில் சுமார் 7.5 கோடி கன மீட்டர் மரத்தைச் சாய்த்தது. அந்நாட்டுக் காடுகளில் பெரும்பகுதி தனியார் குடும்பங்களுக்குச் சொந்தம். உரிமையாளர்கள் தாமே ரம்பத்துடன் இறங்கினர். ஒன்றன்மேல் ஒன்றாக முறுக்கிக் கிடந்த மரங்களை அகற்றும்போது பலர் உயிரிழந்தனர். ரம்பம் இயக்கப் பயிற்சியும் சான்றும் வேண்டும் என்ற கருத்து அங்கே வலுப்பெற இது துணைசெய்தது.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் நாம் அருகில் வைத்துப் பார்ப்பது நல்லது. விலை ஏற்றம் ஒரு நாட்டிலும் புயல் மற்றொரு நாட்டிலும் செய்ததை, நம் நாட்டில் கூலி உயர்வும் புயலும் சேர்ந்தே செய்கின்றன.

இயந்திரத்தின் தன்மை

1926இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஆண்ட்ரியாஸ் ஸ்டில் மின்சாரத்தால் இயங்கும் சங்கிலி ரம்பத்தை உருவாக்கினார். அதனைத் தூக்க இருவர் வேண்டும். ஒருவர் தூக்கக்கூடிய பெட்ரோல் ரம்பம் பரவலானது இரண்டாம் உலகப் போருக்குப் பின்புதான். 1940களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்னும் மரவெட்டி, மரத்தைக் குடையும் ஒரு வண்டின் புழு இடமும் வலமுமாக மாறிமாறித் தின்பதைக் கண்டு, அதே முறையில் இருபுறமும் வளைந்த பற்களைச் சங்கிலியில் அமைத்தார். இன்றைய சங்கிலிகள் பெரும்பாலும் அதன் வழிவந்தவையே.

இயந்திரம் முழு வேகத்தில் ஓடும்போது சங்கிலி விநாடிக்குச் சுமார் 20 மீட்டர் விரைகிறது. அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் செல்லும் பேருந்தின் வேகம். அந்த வேகத்தில், ஒவ்வொரு விநாடியும் சில நூறு கூரிய பற்கள் ஓர் இடத்தைக் கடக்கின்றன. பட்டையின் அடிப்பகுதியால் அறுக்கும்போது சங்கிலி மரத்தைத் தன்னை நோக்கி இழுக்கிறது. ரம்பம் மரத்தோடு ஒட்டிக்கொள்கிறது. மேற்பகுதியால் அறுக்கும்போது ரம்பம் அறுப்பவரை நோக்கித் தள்ளப்படுகிறது. இவை இரண்டும் பழகிவிட்டால் சமாளிக்கக் கூடியவை.

பட்டை முனையின் மேல் கால்பகுதிதான் அபாயமானது. அங்கே ஓடும் பல் வளைவில் திரும்பிக்கொண்டிருக்கிறது. அவ்விடம் ஒரு கிளையிலோ பக்கத்துக் கட்டையிலோ பட்டால், பல்லால் முன்னேற முடியாது. சங்கிலியின் முழு ஆற்றலும் பட்டையைப் பின்னோக்கியும் மேல்நோக்கியும் சுழற்றிவிடுகிறது. ரம்பம் அறுப்பவரின் தோளையும் கழுத்தையும் முகத்தையும் நோக்கி வருகிறது. இதுவே எதிருதைப்பு. இது நிகழப் பத்தில் ஒரு விநாடி போதும். மனிதன் கண்டு, உணர்ந்து, கையை அசைப்பதற்கு அதைப்போல் இருமடங்குக்கு மேல் நேரம் பிடிக்கும். ‘கவனமாக இருந்தால் போதும்’ என்று சொல்வது இங்கே பொருந்தாது என்பதை அலுவலர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். கவனம் வேலை செய்வதற்கு முன்பே நிகழ்ச்சி முடிந்துவிடுகிறது. காப்பாற்றுவது நிற்கும் நிலையும், பிடிக்கும் முறையும், இயந்திரத்தின் தடையுமே.

பிடிக்கும் முறை என்பது எளியது. வலது கை பின்பிடியில். இடது கை முன்பிடியில். பெருவிரல் பிடியைச் சுற்றி வளைந்திருக்க வேண்டும். பெருவிரலை மற்ற விரல்களோடு மேலே வைத்துக்கொண்டால் உதைப்பின்போது கை நழுவிவிடும். இடது முழங்கை மடங்காமல் இருப்பது நலம். தலையும் கழுத்தும் ரம்பத்தின் தளத்துக்கு நேராக இராமல் சற்று இடப்புறம் விலகியிருக்க வேண்டும். தோளுக்கு மேலே ரம்பத்தைத் தூக்கி அறுப்பதும், ஏணியில் நின்று அறுப்பதும், ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அறுப்பதும் கூடா. மூன்றாவதாகச் சொன்னது நம் ஊர்களில் மிகுதி. சிறிய மின்கல ரம்பங்கள் வந்தபின் இன்னும் மிகுந்துவிட்டது. அரிவாளால் கிளை கழித்துப் பழகிய கை அப்படித்தான் போகும்.

முன்பிடிக்கு முன்னால் ஒரு தகடு நிற்கும். உதைப்பின்போது இடது கையின் புறம் அதில் மோதி அதை முன்னே தள்ளினால், சங்கிலி கணப்பொழுதில் நிற்கும். நல்ல ரம்பங்களில் கை படாமலேயே, உதைப்பின் விசையால் மட்டுமே தடை விழும். இத்தடை 1970களில் வழக்கத்துக்கு வந்தது. ரம்பத்தை இயக்கும்போதும், இரண்டடிக்கு மேல் நடக்கும்போதும் தடையைப் போட்டு வைக்க வேண்டும். மலிவான ரம்பங்களில் இத்தடை பெயரளவுக்கே இருப்பதும், மரத்தூள் அடைத்து வேலை செய்யாது போவதும் உண்டு. வாங்கும்போது விலையைக் கேட்பவர்கள், தடை விழுகிறதா என்று ஒருமுறை சோதித்துக் காட்டச் சொல்வதில்லை.

மற்றொரு செய்தியும் இங்கே சொல்லத்தக்கது. சங்கிலி மழுங்கினால் அபாயம் குறைவு என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மை நேர்மாறானது. கூரிய சங்கிலி தன் எடையிலேயே மரத்தில் இறங்கும். சீவல் சீவலாக விழும். மழுங்கிய சங்கிலியிலிருந்து மாவு போன்ற தூள் வரும். அறுப்பவர் உடம்பின் பலத்தை வைத்து அழுத்துவார். அறுப்பு திடீரென முடியும்போது நிலை தடுமாறி ரம்பம் காலுக்கு வரும். உருண்டை அரத்தால் தீட்டக் கற்றுக்கொள்வது ரம்பம் ஓட்டக் கற்றுக்கொள்வதில் பாதி. சங்கிலியின் அளவுக்கேற்ப அரத்தின் விட்டம் 4 மில்லிமீட்டர் முதல் 5.5 மில்லிமீட்டர் வரை வேறுபடும். ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சிறு மேடு உண்டு. பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அதுவே வரையறுக்கிறது. வேகமாக அறுக்கும் ஆசையில் அம்மேட்டை அளவின்றி அராவிவிட்டால், உதைப்பை நாமே வரவழைத்துக் கொண்டவர்களாவோம்.

நின்ற மரமும் கிடந்த மரமும்

விறகுக்காக ரம்பம் எடுப்பவர்கள் இரண்டு வேறு வேலைகளைச் செய்கிறார்கள். நிற்கும் மரத்தைச் சாய்ப்பது ஒன்று. கிடக்கும் மரத்தைத் துண்டு போடுவது மற்றொன்று. முதலாவதைப் புதியவர் செய்யவே கூடாது என்பது இக்கட்டுரையாளரின் உறுதியான கருத்து. ஆயினும் அது எப்படிச் செய்யப்படுகிறது என்பதை அறிந்தால்தான் ஏன் கூடாது என்பது விளங்கும்.

சாய வேண்டிய பக்கத்தில், அடிமரத்தின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு ஆழத்துக்கு ஆப்பு வடிவில் முன்வெட்டு வெட்டப்படும். பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து பின்வெட்டு. இரண்டு வெட்டுகளும் சந்திக்கக் கூடாது. இடையே விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு அகலமான மரப்பட்டி விடப்படும். இது கதவுக்குக் கீல் போன்றது. மரம் இந்தக் கீலின்மேல் திரும்பித்தான் மெல்லச் சாய்கிறது. கீல் இருக்கும்வரை திசை நம் கையில். புதியவர் செய்வது என்ன? மரம் இன்னும் விழவில்லையே என்று மேலும் அறுத்துக் கீலையும் வெட்டிவிடுகிறார். அதன் பிறகு மரம் காற்று சொல்கிற பக்கம் விழுகிறது. முன்னோக்கிப் பெரிதும் சாய்ந்து நிற்கும் மரத்தில் வேறொன்று நேரும். பின்வெட்டு முடிவதற்குள் அடிமரம் நெடுக்காகப் பிளந்து, பின்பாதி குதிரை உதைப்பதுபோல் மேலெழும். அதன் பின்னால் நிற்பவர் தப்புவது அரிது. தென்னை, பனை போன்றவற்றில் விளிம்பில் கெட்டியான நார்களும் நடுவில் மென்மையான சோறும் இருப்பதால், மற்ற மரங்களில் போலக் கீல் நம்பத்தக்கதாக அமைவதில்லை.

மரம் சாயத் தொடங்கியதும் பின்புறமாக, ஆனால் நேர் பின்னால் அல்லாமல் 45 பாகை விலகிச் செல்ல வழி முன்னதாகவே செதுக்கித் துப்புரவு செய்யப்பட்டிருக்க வேண்டும். மற்றவர்கள் மரத்தின் உயரத்தைப்போல் இருமடங்கு தொலைவில் நிற்க வேண்டும். வேடிக்கை பார்க்கும் சிறுவர்களை விரட்ட ஒருவர் தேவை. எவரும் பக்கத்தில் இல்லாத தனிமையும் ஆகாது. அருகில் மின்கம்பி சென்றால் மின்வாரியத்துக்குச் சொல்லி மின்னோட்டத்தை நிறுத்திய பின்னரே வேலை தொடங்கலாம்.

விழுந்த மரத்தைத் துண்டு போடுவது எளிது போலத் தோன்றும். இங்கே அறிய வேண்டியது, மரத்தின் எந்தப் பக்கம் நெருக்குண்டிருக்கிறது, எந்தப் பக்கம் இழுபட்டிருக்கிறது என்பதே. இரு முனைகளும் தாங்கப்பட்டு நடுப்பகுதி அந்தரத்தில் இருந்தால், மேற்பக்கம் நெருக்குண்டிருக்கும். மேலிருந்தே முழுதும் அறுத்தால் வெட்டுவாய் மூடிப் பட்டையைக் கவ்விக்கொள்ளும். ஆகவே மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு, மீதியைக் கீழிருந்து அறுத்து முடிக்க வேண்டும். ஒரு முனை மட்டும் தாங்கப்பட்டு மறுமுனை தொங்கினால் முறை தலைகீழாகும்: முதலில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு, பிறகு மேலிருந்து. வளைந்து அழுந்திக் கிடக்கும் இளங்கிளை ஒரு வில். அதன் முதுகை வெட்டினால் அது அறுப்பவரை அடிக்கும். சீமைக் கருவேலம் இவ்வகையில் மிகக் கெட்ட மரம். ஒரே தூரிலிருந்து பல தண்டுகள் கிளைத்து ஒன்றையொன்று பின்னிக்கொண்டிருக்கும். முள் காலை நகரவிடாது. சரிவில் மரம் அறுக்கும்போது எப்போதும் மேட்டுப்பக்கம் நிற்க வேண்டும் என்பதை மலைநாட்டு மக்களுக்குச் சொல்லத் தேவையில்லை; அவர்கள் அதை உருளும் கட்டைகளிடமிருந்தே கற்றிருக்கிறார்கள்.

புயலுக்குப் பின் இவ்வபாயங்கள் பன்மடங்காகின்றன. 2018 நவம்பரில் கஜா புயல் காவிரிப் படுகையின் தென்னந்தோப்புகளை அழித்தபோதும், 2019 மே 3ஆம் நாள் ஃபானி புயல் ஒடிசாவின் புரி அருகே கரை கடந்தபோதும், 2020 மே மாதம் ஆம்பன் புயல் கொல்கத்தாவின் தெருக்களை மரங்களால் அடைத்தபோதும், தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் சங்கிலி ரம்பங்களுடன் பணியாற்றினர். அவர்கள் பயிற்சி பெற்றவர்கள். சாலை திறந்தாகிவிட்டபின் வீட்டுக் கொல்லையிலும் தோப்பிலும் எஞ்சிக் கிடப்பதை அகற்றுவது குடும்பத்தாரின் பொறுப்பாகிறது. வேரோடு சாய்ந்த மரத்தின் தண்டை அறுத்ததும், மண்ணோடு நிற்கும் வேர்க்கட்டி சுமை நீங்கித் திடீரென நிமிர்ந்து தன் பள்ளத்திலேயே அமரக்கூடும். அப்பள்ளத்தில் எவரேனும் இறங்கி நின்றால் என்ன ஆகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

உடை, ஒலி, எண்ணெய்

ரம்பக் காயங்களில் பெரும்பகுதி கால்களிலும் இடது கையிலும் ஏற்படுகின்றன. இதற்கென வெளிநாடுகளில் நீண்ட நார்களை அடுக்கடுக்காக வைத்துத் தைத்த காலுறை அணிகிறார்கள். சங்கிலி அதைத் தொட்டதும் நார் வெளிவந்து பற்சக்கரத்தில் சுற்றிக்கொண்டு இயந்திரத்தை நிறுத்திவிடும். நம் நாட்டு வெயிலிலும் புழுக்கத்திலும் இதை அணிவது துன்பந்தான். அந்தக் குறையைச் சொல்பவர்களைக் குற்றம் கூற முடியாது. காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் அறுப்பவர் அணியலாம். வேட்டி, லுங்கி, தோளில் தொங்கும் துண்டு, கழுத்தில் சுற்றிய சால்வை, ரப்பர் செருப்பு ஆகியவற்றுடன் ரம்பத்தைத் தொடக்கூடாது என்பதற்கு மட்டும் எந்த விலக்கும் இல்லை.

பெட்ரோல் ரம்பத்தின் ஓசை 100 டெசிபலைத் தாண்டும். 85 டெசிபல் ஓசையை எட்டு மணி நேரம் கேட்கலாம் என்று கொண்டு கணக்கிடும் அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரைப்படி, 100 டெசிபல் ஓசையைக் காப்பின்றிக் கேட்கத்தக்க நேரம் ஒரு நாளில் 15 நிமிடம். காதில் பஞ்சு வைத்துக்கொள்வது காப்பாகாது. நாள்தோறும் அறுப்பவர்களுக்கு அதிர்வினால் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும் நோயும் வரும். குளிர்நாட்டில் இது விரைந்து வெளிப்படும்.

எரிபொருள் பற்றி ஓரிரு சொற்கள். இரட்டை வீச்சு இயந்திரமாதலால் பெட்ரோலுடன் எண்ணெய் கலக்க வேண்டும். ஐம்பதுக்கு ஒன்று என்று குறிப்பிட்டிருந்தால் லிட்டருக்கு 20 மில்லிலிட்டர். இருபத்தைந்துக்கு ஒன்று என்றால் 40. சூடாக இருக்கும் இயந்திரத்தில் ஊற்றக்கூடாது. ஊற்றிய இடத்திலிருந்து மூன்று மீட்டராவது தள்ளிச் சென்றுதான் இயக்க வேண்டும். தரையில் வைத்துப் பின்பிடியைக் காலால் மிதித்துக்கொண்டு இயக்குவதே முறை. கையில் தொங்கவிட்டுக் கயிற்றை இழுத்து இயக்கும் பழக்கம் திரைப்படத்துக்குப் பொருந்தும்.

அவசரமும் ஒரு காரணம். பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி நீர். அறுத்த அன்றே எரித்தால் வெப்பத்தின் ஒரு பகுதி அந்நீரை ஆவியாக்கவே செலவாகும். புகை கண்ணைப் பறிக்கும். மழைக்கோ பனிக்கோ பல மாதங்கள் முன்பே அறுத்து, பிளந்து, அடுக்கி உலர்த்துகிற வீட்டில் மாலை இருட்டும் நேரத்தில் ரம்பம் ஓடுவதில்லை.

சட்டமும் திட்டமும்

நம்முடைய சட்டங்களில் இந்தக் கருவிக்கு என்ன இடம்? 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டத்தின்படி, வனக் குற்றத்தில் பயன்பட்ட கருவியாக இதனைக் கைப்பற்றலாம். அதாவது காட்டைக் காக்கும் நோக்கில் மட்டுமே சட்டம் இதைப் பார்க்கிறது. தொழிலாளர் சட்டங்கள் முதலாளி-தொழிலாளி உறவின்மேல் எழுந்தவை. தன் மரத்தைத் தானே அறுப்பவர் அவற்றின் எல்லைக்குள் வருவதில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் விபத்து மரணக் கணக்கில், தொழிற்சாலை மற்றும் இயந்திர விபத்து என்ற பொதுத்தலைப்பு இருக்கிறது. தோட்டத்து ரம்பத்தால் இறந்தவரும், மில்லின் பட்டையில் சிக்கி இறந்தவரும் அத்தலைப்பில் ஒன்றாகிவிடுகின்றனர். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஓரளவு துணைபுரியும். சரியான பயன்பாட்டு விளக்கமும் எச்சரிக்கையும் தராத உற்பத்தியாளர் பொறுப்பாவார் என்று அது சொல்கிறது. ஆனால் பெட்டிக்குள் இருக்கும் ஆங்கிலச் சிறு நூல், தமிழோ மலையாளமோ பகாடியோ பேசும் விவசாயிக்கு எந்த அளவு விளக்கமாகும் என்பது கேள்விக்குரியது.

முன்னுதாரணம் இல்லாமலில்லை. பசுமைப் புரட்சியின்போது பஞ்சாப், ஹரியானா, உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் விசைக் கதிரடிப்பு இயந்திரங்கள் திடீரெனப் பெருகின. கோதுமைக் கதிரைத் தள்ளிய கை இயந்திரத்துக்குள் போய், எண்ணற்ற விவசாயத் தொழிலாளர்கள் கையிழந்தனர். அதன் விளைவாக நாடாளுமன்றம் 1983இல் அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றியது. உற்பத்தி, விற்பனை, பயன்பாடு ஆகியவற்றை ஒழுங்குபடுத்தவும், மரணத்துக்கும் காயத்துக்கும் இழப்பீடு வழங்கவும் அச்சட்டம் வகை செய்தது. அதன் வரையறை கவனிக்கத்தக்கது: விசைக் கதிரடிப்பு இயந்திரம், மற்றும் வேளாண்மையிலோ ஊரகத்திலோ பயன்படுவதாக மத்திய அரசு அறிவிக்கும் பிற இயந்திரங்கள். சங்கிலி ரம்பம் இவ்வரையறைக்குள் கொண்டுவரப்பட வேண்டுமா என்பதை நிர்வாகம் படிக்கும் மாணவர்கள் விவாதிக்கலாம். என் கருத்தில், சங்கிலித் தடை இல்லாத ரம்பத்தை விற்கக்கூடாது என்ற ஒரே விதிக்காகவேனும் அது தகும்.

இரண்டாவது முன்னுதாரணம் இன்னும் பயனுள்ளது. தென்னை ஏற ஆளில்லை என்ற குறை வந்தபோது, தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஆறு நாள் பயிற்சி, பயிற்சி முடித்தவருக்கு ஏறும் கருவி, கூடவே காப்பீடு. பயிற்சிக்குப் பின்னரே கருவி கையில் வருகிறது. இவ்வரிசை முக்கியம். இப்பயிற்சியால் இளைஞர்களுக்கு ஒரு தொழிலும் கிடைத்தது.

2014-15 முதல் நடைமுறையில் உள்ள வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் கீழ் வாடகை மையங்கள் ஊக்குவிக்கப்படுகின்றன. ஓர் ஆண்டில் நான்கைந்து நாட்கள் மட்டுமே தேவைப்படும் ரம்பத்தை ஒவ்வொரு குடும்பமும் வாங்குவதில் சிக்கனமும் இல்லை, பழக்கமும் வராது. டிராக்டரை ஓட்டுநருடன் வாடகைக்கு விடுவதுபோல, ரம்பத்தையும் பயிற்சி பெற்ற இயக்குநருடன் மட்டுமே விடலாம். நிற்கும் மரத்தை அவர் சாய்த்துத் தருவார். தாங்கியின்மேல் வைத்த கட்டையைத் துண்டு போடுவதை வீட்டுக்காரர் அவரிடம் நின்று கற்கலாம். 1974இல் புதுச்சேரியில் முதலாவதாக அமைந்த வேளாண் அறிவியல் நிலையங்கள், இன்று நாட்டில் எழுநூறுக்கும் மேல் உள்ளன. இரண்டு நாள் பயிற்சி ஒன்றை அவை நடத்த, ஒரு ரம்பமும், நான்கைந்து அரங்களும், சில பழைய கட்டைகளும், இரண்டு செட் தலைக்காப்பும் காலுறையும் போதும். மானிய விண்ணப்பத்துடன் அப்பயிற்சிச் சான்றை இணைக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்ப்பதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. மாநில வேளாண் பொறியியல் துறையின் சுற்றறிக்கையே போதுமானது. அப்பயிற்சியின் முதல் மணி நேரத்தை இயந்திரத்தைத் தொடாமல் முதலுதவிக்கு ஒதுக்கலாம்: ரத்தம் பீறிடும் இடத்தைத் துணியால் அழுத்தி, அழுத்தம் விடாமல் பிடித்துக்கொண்டு, 112 என்ற எண்ணை அழைப்பது எப்படி, தோப்பின் இருப்பிடத்தை எப்படிச் சொல்வது என்பவை அதில் அடங்கும்.